உச்சிக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

தொலைநோக்கி அரைமணி நேரம் முன்னதாகவே புரண்டுவிட்டது.

சாவியோ அப்போது பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். காதில் மாட்டியிருந்த எஃப்.எம். பாட்டையும் மீறி மோட்டார்கள் அரைக்கும் சத்தம் கேட்டது. நட்சத்திரத்தை மெல்லப் பின்தொடரும்போது அவை மூச்சுக்கூட விடாது. பெரிதாக நகரும்போது மட்டும்தான் பழைய மிக்ஸி மாதிரி அரைக்கும். நிமிர்ந்து பார்த்தபோது எடைக்கற்கள் மாட்டிய தண்டு ஒரு பக்கம் சுற்றி இறங்க, வெள்ளைக் குழல் மறுபக்கம் ஏறிச் சுற்றி, தூணின் கிழக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. தான் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை என்பது போன்ற அமைதி அதனிடம் இருந்தது.

புரளவேண்டியதுதான். தினமும் ஒரு தடவை புரளும். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அந்த மவுண்டின் பிறவிக் குணமே அதுதான். வடக்கிலிருந்து தெற்காக நம் தலைக்கு நேர் மேலே ஒரு கோடு போட்டால் அது உச்சிக்கோடு. நட்சத்திரம் அதற்குக் கிழக்கே இருக்கும்வரை குழல் தூணுக்கு மேற்கே தொங்கியபடி பார்க்கும். நட்சத்திரம் கோட்டைத் தாண்டி மேற்கே சாய்ந்த பிறகும் அப்படியே விட்டால், குழலின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து தூணில் முட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் இந்த ஃபிளிப். மென்பொருள் தானே படமெடுப்பதை நிறுத்தி, குழலைச் சுற்றித் தூணின் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவந்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, மறுபடி படமெடுக்க ஆரம்பிக்கும். ஆள் தேவையில்லை. ஒரே ஒரு வித்தியாசம், அதன் பிறகு வரும் படங்கள் எல்லாம் தலைகீழாக இருக்கும்.

ஆனால் அவன் படமெடுத்துக்கொண்டிருந்த ஓரியன் ஒளிமேகம் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. தாண்டாத ஒன்றுக்காக மவுண்ட் ஏன் புரளவேண்டும்?

சாவியோ மடிக்கணினியின் கடிகாரத்தைச் சரிபார்த்தான். சரியாக இருந்தது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கைப் பார்த்தான். அதுவும் சரி. "இன்னாடா ஆச்சு உனக்கு" என்று மவுண்டைக் கேட்டுவிட்டு, பழைய பக்கத்துக்கே திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு கொடுத்தான். அது அரைத்துக்கொண்டே திரும்பிப் போனது. பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றி, ஆறவைக்காமலே குடித்தான்.

அவன் உட்கார்ந்திருந்தது ஒரு கன்டெய்னருக்குள். எண்ணூர் விரைவுச்சாலை ஓரமாக இருந்த அந்த கன்டெய்னர் யார்டில் அவன் குளிர்ப்பெட்டி மெக்கானிக். மேற்கூரை இல்லாமல் தார்ப்பாய் போட்டு மூடும் ஓபன் டாப் பெட்டி ஒன்று கிரேனில் அடிபட்டு, இனிக் கப்பலேறாது என்று பின்வரிசையில் ஓரங்கட்டப்பட்டிருந்தது. மேனேஜரிடம் நச்சரித்து அதை வாங்கி, நடுவில் இரும்புத் தூண் நட்டு மவுண்டை ஏற்றினான். உயர்கம்ப விளக்குகளின் வெளிச்சம் உள்ளே அடிக்காமலிருக்க, கிரேன்காரருக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து, கிழக்கு, மேற்கு, வடக்கு மூன்று பக்கமும் ஒட்டினாற்போல இரண்டடுக்குக்கு வேறு பெட்டிகளை அடுக்க வைத்தான். தெற்கில் கதவு. தார்ப்பாயைச் சுருட்டிவிட்டால் தலைக்கு மேலே நீள்சதுரமாக வானம். வடசென்னையில் ஒருத்தனுக்கு வாய்க்கக்கூடிய அதிகபட்ச இருட்டு அதுதான். அதிலும் பாதி நாள் சிம்னிப் புகையில் சிவந்து கிடக்கும்.

இன்றும் சிவப்புதான். நட்சத்திரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. பின்தொடர்வதற்கு மவுண்டுக்கு ஒரு வழிகாட்டி நட்சத்திரம் வேண்டும். பெரிய குழலின் முதுகில் ஒரு சின்னக் குழல், அதன் வாலில் ஒரு வெப்கேம். அதில் தெரியும் ஏதாவது ஒரு நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டிவிட்டால், அது கட்டத்தின் நடுவிலேயே இருக்கும்படி மவுண்ட் தன்னைச் சரிசெய்துகொண்டே போகும். இந்தப் புகையில் அப்படி ஒன்று கிடைப்பதே அதிர்ஷ்டம். இன்று சாயங்காலம் திரையில் ஒன்று பளிச்சென்று இருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் நட்சத்திரம் எதுவும் இல்லை என்பதைப் பார்க்கத்தான் செய்தான். வரைபடம் பழசாக இருக்கும் என்று நினைத்து, அதையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டான். பளிச்சென்று இருப்பதைப் பிடி, பிறகு யோசி. புகைக்குக் கீழே படமெடுக்கும் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான் அது.

இரண்டாவது பாட்டு முடிந்து விளம்பரம் ஓடும்போது காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. காதிலிருந்ததைப் பிடுங்கினான். கதவு சாத்தியிருந்தது. வெளியே இரும்புத் தடி கொக்கியில் விழுந்த சத்தத்தின் கடைசித் துணுக்கு மட்டும் கேட்டது.

"அண்ணே. மாசானம் அண்ணே."

செருப்புச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அது காவலாளி மாசானம். யார்டில் ஒரு வழக்கம் உண்டு. இருட்டிய பிறகு சுற்றி வரும்போது எந்தப் பெட்டியின் கதவு திறந்திருந்தாலும் மூடித் தடியை இறக்கிவிட வேண்டும். மூடுவதற்கு முன்னால் கைத்தடியால் பெட்டியில் மூன்று தட்டுத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எப்போதோ ஏதோ ஒரு துறைமுகத்தில் பெட்டிக்குள் தூங்கிப்போன கூலியாளை வைத்துப் பூட்டிவிட்டார்களாம், அதிலிருந்து வந்த வழக்கம். மாசானம் கண்டிப்பாகத் தட்டியிருப்பார். "உள்ள யாரும் இருக்கியளா" என்று திருநெல்வேலி இழுவையில் கேட்டும் இருப்பார். காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தவனைச் சொல்ல வேண்டும்.

கன்டெய்னர் கதவுக்கு உட்பக்கம் பிடி கிடையாது. சரக்குக்கு எதற்குப் பிடி?

கதவோரமாக இருந்த ஸ்டூலின் மேல் ஏறிக் கையை உயர்த்தினால்தான் செல்போனில் ஒரு கோடாவது சிக்னல் வரும். ஏறினான். போன மாதம் குளிர்ப்பெட்டி மேலிருந்து விழுந்த கணுக்கால் விண்ணென்று தெறித்தது. மனைவி கிறிஸ்டினா எடுப்பதற்குள் இரண்டு முறை கட்டாகிவிட்டது.

"இன்னாயா?"

"கிறிஸ், உள்ள மாட்டிகினேன். மாசானம் அண்ணன் கதவ சாத்திட்டு பூட்டாரு."

"நல்லதா போச்சு. ரெண்டாவது பொண்டாட்டி கூடத்தான கீற. காலைல வா."

"வெளாடாத. வண்டிய எடுத்துகினு வா. கேட்ல அண்ணன்கிட்ட சொன்னா தெறந்துடுவாரு."

"தண்ணி லாரி தெருமுனைல நிக்கிது. நாலு கொடம் புடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் அவ மூஞ்சயே பாத்துகினு இரு."

வைத்துவிட்டாள். தொலைநோக்கியைத்தான் அவள் ரெண்டாவது பொண்டாட்டி என்பாள். சாவியோவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். இன்னும் அவள் திட்டினால் அவனுக்கு இனித்தது. காலடிப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். வந்ததும் அவளுக்குப் படத்தைக் காட்டி, புளியந்தோப்புப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கதவை ஒருமுறை தோளால் இடித்துப் பார்த்தான். அசையவில்லை. தூணைச் சுற்றி நொண்டிக்கொண்டே பெட்டியின் வடமேற்கு மூலையில் இருந்த மேசைக்குத் திரும்பினான்.

உட்காருவதற்குள் மோட்டார்கள் அரைத்தன. குழல் மறுபடி கிழக்குப் பக்கத்துக்குப் புரண்டது.

அவன் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். குழல் நிலைத்தது. மென்பொருள் வழிகாட்டி நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, கட்டத்தின் நடுவில் வைத்தது. எல்லாம் ஒழுங்காக நடந்ததாகப் பச்சை விளக்கு காட்டியது. டீ ஒரு வாய் குடித்திருப்பான். மீண்டும் அரைப்பு. குழல் மேற்கே திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிழக்கே.

நட்சத்திரம் கோட்டைத் தாண்டினால் ஃபிளிப். தாண்டிய நட்சத்திரம் திரும்பி வராது. எந்த நட்சத்திரமும் வந்ததில்லை.

விமானமாக இருக்குமோ என்று நிமிர்ந்து பார்த்தான். விமானம் இப்படித் திரும்பித் திரும்பி வராது. குழல் பார்க்கும் திசையிலேயே தன் கண்ணையும் செலுத்திப் பார்த்தான். புகையேறிய சிவப்பு. ஓரத்தில் ஓரியனின் மூன்று இடுப்பு நட்சத்திரங்கள், அழுக்காக. வேறெதுவும் இல்லை. ஆனால் திரையில் அது எரிந்துகொண்டிருந்தது, நட்ட நடுவில், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக.

கையோடு பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஃபிளிப்புக்கு முன்னால் அந்த வெளிச்சப் புள்ளிக்குக் கீழே வால் மாதிரி ஒரு இழுப்பு இருந்தது. ஃபிளிப்புக்குப் பிறகு சுற்றியிருந்த சின்ன நட்சத்திரங்கள் எல்லாம் ஒழுங்காகத் தலைகீழாகிவிட்டன. இது மட்டும் ஆகவில்லை. வால் இன்னும் கீழேயேதான் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. மடையா, என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். வானத்தில் இருப்பது எல்லாம் தலைகீழாகும். ஆகாமல் இருப்பது கேமராவில் இருப்பது. கேமராவின் சென்சார் சில்லில் கெட்டுப்போன ஒரு புள்ளி, எப்போதும் வெள்ளையாக எரியும். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் எல்லாம் அதை நட்சத்திரம் என்று பிடித்துக்கொண்டு விடிய விடிய ஏமாறுவார்கள். ஆறு வருட அனுபவம் உள்ளவன் ஏமாந்ததை கிறிஸ்டினாவிடம் சொல்லக் கூடாது.

நிச்சயப்படுத்திக்கொள்ள, எழுந்துபோய் இரண்டு குழல்களுக்கும் மூடியைப் போட்டான். திரை கறுத்தது. நட்சத்திரங்கள் எல்லாம் போயின. அந்தப் புள்ளி மட்டும் இருந்தது. வெளிச்சமே உள்ளே போகாத குழலுக்குள் அது எரிகிறது என்றால் கேமராக் கோளாறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சாவியோ வாய்விட்டுச் சிரித்தான். இரும்புச் சுவர்கள் அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தது அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பிறகு அந்தப் புள்ளி நகர்ந்தது.

கெட்டுப்போன புள்ளி நகராது. அது சில்லில் ஒரே இடத்தில் செத்துக் கிடப்பது. இது கட்டத்தின் நடுவிலிருந்து மெதுவாக, அவசரமில்லாமல், இடதுபக்கம் நகர்ந்தது. மவுண்ட் அதைப் பின்தொடர்ந்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தது. மறுபடி நகர்ந்தது. மவுண்ட் மறுபடி பின்தொடர்ந்தது. மூடி போட்ட குழல் சிவப்பு வானத்தில் எதையோ பார்த்துக்கொண்டே போய், கோட்டைத் தொட்டு, புரண்டது.

எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அது பெட்டிக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை. அங்கிருந்து திரும்பிக் கிழக்கு வரை. ஒவ்வொரு முறை அது நடுக்கோட்டைத் தாண்டும்போதும், ஒழுங்காக வேலை செய்வதைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த மவுண்ட், ஒழுங்காகப் புரண்டு கொடுத்தது.

மேலே ஏறித் தப்பிக்கலாம் என்ற நினைப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. மேலே தலையை நீட்டினால் எங்கே நீட்டுவது? அதன் காலடியில்.

கிறிஸ்டினா வந்து கதவைத் திறந்தால் போதும். நாலு குடம் பிடிக்க எவ்வளவு நேரமாகும். லாரிக்காரன் இன்றைக்கென்று பைப்பைச் சரியாகப் போட்டால் இந்நேரம் கிளம்பியிருப்பாள். மாதாவே, அவள் கிளம்பியிருக்கட்டும். அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குழலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி, விரைவுச்சாலையில் நகராமல் நிற்கும் டிரெய்லர் லாரிகளின் உறுமலுக்கு நடுவே ஒரு ஸ்கூட்டியின் மெல்லிய சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். உறுமலே கேட்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மூச்சை இழுத்தான். முகத்துவாரத்துச் சேறு, கந்தகம், டீசல், தீய்ந்த ரப்பர், இவை சேர்ந்த வாடையில்தான் அவன் பிறந்து வளர்ந்தது; அது இல்லாத காற்றை அவன் மூக்கு அறிந்ததே இல்லை. இப்போது எந்த வாடையும் இல்லை. டீயின் மணம் கூட இல்லை. கழுவித் துடைத்த காற்று.

மோட்டார்கள் நின்றன. குழல் நேர் மேலே பார்த்தபடி அசையாமல் இருந்தது. கோட்டின் மேலேயே நின்றுவிட்டது போலிருந்தது.

டக். டக். டக்.

மூன்று தட்டு. இரும்பில், தடியால். சாவியோவுக்கு உயிர் வந்தது. மாசானம். கிறிஸ்டினா சொல்லி அனுப்பியிருக்கிறாள், அல்லது அவருக்கே ஞாபகம் வந்து திரும்பி வந்திருக்கிறார். அவர் கேள்வியைக் கேட்பதற்குக் கூட அவன் காத்திருக்கவில்லை.

"உள்ளதான் கீறேன் அண்ணே. உள்ள ஆள் கீது. தெறங்க."

அவன் கதவுப் பக்கம் காதைத் திருப்பினான்.

"அண்ணே?"

தடியைத் தூக்கும் சத்தம் வரவில்லை. அப்போதுதான் தட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவன் யோசித்தான். கதவிலிருந்து இல்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில், மேற்குச் சுவரிலிருந்து. மேற்குச் சுவருக்கு வெளியே இரண்டடுக்குப் பெட்டிகள். கிரேன்காரர் ஒட்டினாற்போல அடுக்கியவை. நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளிதான் இருக்கும். மாசானம் அங்கே நிற்க முடியாது. ஆள் யாரும் நிற்க முடியாது.

யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்பதற்குத்தான் யார்டில் தட்டுவார்கள். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

குழல் இறங்க ஆரம்பித்தது.

வானத்தை விட்டு இறங்கியது. அரைக்கவில்லை, மெல்ல, நட்சத்திரத்தைப் பின்தொடரும் அதே பொறுமையுடன். பெட்டியின் மேல்விளிம்பைக் கடந்தது. கிழக்குச் சுவரின் நெளிவுகள் வழியாக இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது. சுவரில் ஒன்றுமில்லை. துருவும் பழைய எண்களும். மறுபடி இறங்கியது. பலகைத் தரை வரை வந்தது. நின்றது.

தரையில் ஒன்றுமில்லை.

திரையில் நடுவே அது இருந்தது. பெரிதாகியிருந்தது. நட்சத்திர தூரத்துக்குக் குவித்த குழல் இது, நாலடி தூரத்தில் இருக்கும் எதுவும் இதில் தெளிவாகத் தெரியக் கூடாது. அது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. வால் என்று நினைத்தது வால் இல்லை. கீழே இரண்டாகப் பிரிந்திருந்தது.

சாவியோவின் கை மேசைக்கடியில் இருந்த லாரி பேட்டரியைத் தேடியது. கிளிப்பைப் பிடித்தான். பிடுங்கினால் மோட்டார் நிற்கும். குழல் செத்த கட்டையாகிவிடும். இனி அது எதையும் பார்க்காது.

பிடுங்கினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கிளிப்பை ஒருமுறை அசைத்துப் பார்த்தான். விட்டுவிட்டான். அவனுக்கும் அதற்கும் நடுவே இருந்த ஒரே துணை அந்த மவுண்ட்தான், அதையும் சாகடிக்க மனம் வரவில்லை. அழுகை வந்தது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டான்.

குழல் தரையோடு தரையாகத் தெற்கே திரும்பியது. கதவுக்கு முன்னால் நின்றது. சிக்னல் கிடைக்கும் ஸ்டூலுக்குப் பக்கத்தில். அங்கேயே இருந்தது. காத்திருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. யாருக்கு என்று யோசித்தபோது கிறிஸ்டினாவின் ஸ்கூட்டி ஞாபகத்துக்கு வந்தது.

போனை எடுத்தான். கோடுகள் இல்லை. தலைக்கு மேல் உயர்த்தினான். இல்லை. மேசை மேல் ஏறினான். இல்லை. கிறிஸ், வராத. வீட்டுலயே இரு. செய்தியாக அடித்து அனுப்பினான். அனுப்ப முடியவில்லை. மறுபடி. அனுப்ப முடியவில்லை.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது.

"யோவ், சாவியோ." கதவுக்கு வெளியே. மூச்சு வாங்குகிற குரல். "கேட்ல அந்தாளக் காணோம். டீ குடிக்க பூட்டாரு போல. இந்தத் தடிய எப்டி தூக்கறது?"

"கிறிஸ், தெறக்காத."

"இன்னாது?"

"தெறக்காத. திரும்பிப் போ. வூட்டுக்குப் போய்டு."

"பேஜாரு பண்ணாதய்யா. லாரிக்காரன்கிட்ட சண்ட போட்டுட்டு, பாதித் தண்ணிய வுட்டுட்டு ஓடியாந்தேன். தெறன்னு சொன்னதும் நீ, தெறக்காதன்றதும் நீ."

"உள்ள ஒண்ணு கீது. கதவாண்ட கீது. சத்தியமா சொல்றேன். கிறிஸ், உன் கால்ல வுழறேன், தெறக்காத."

அவன் ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பிடித்திருக்கலாம். பிடிப்பதற்குப் பிடி இல்லை. குழல் பார்க்கும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பாம்பா?" என்றாள். பயந்திருந்தாள், அவளுக்காக இல்லை, அவனுக்காக. "அப்ப உன்ன உள்ள வச்சிட்டு நான் எப்டிப் போறது. கதவ தெறந்தா அதுவா வெளில பூடும். நீ அசையாத."

"கிறிஸ்டினா."

தடி கொக்கியை விட்டுக் கழன்றது.

வலது கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. உயர்கம்ப விளக்கின் மஞ்சள் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அந்தப் பட்டையில் அவள் நின்றாள். நைட்டி மேல் துப்பட்டா, முழங்கால் வரை ஈரம், கையில் செல்போன் டார்ச். "எங்க கீது?" என்றாள்.

குழல் தரையிலிருந்து எழுந்தது. அவள் முழங்கால் உயரத்துக்கு. இடுப்பு உயரத்துக்கு. நெஞ்சுக்கு வந்து நின்றது.

டார்ச் கீழே இறங்கியது. அவள் அதை அணைத்தாள்.

அவளுக்குப் பின்னால் போய்விட்டது, என்று சாவியோ நினைத்தான். கதவு வழியாக வெளியே போகிறது. அவளைத் தாண்டி, யார்டில், லாரிகள் பக்கம். போகட்டும். குழல் அவள் வழியாக அதைப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

"கிறிஸ்?"

அவள் உள்ளே ஒரு எட்டு வைத்தாள். மோட்டார் துளி அசைந்தது. இன்னொரு எட்டு. மோட்டார் துளி அசைந்தது. அவள் கிழக்குச் சுவரோரமாக வந்தாள், இருட்டில், எதிலும் இடிக்காமல், இதற்கு முன் இந்தப் பெட்டிக்குள் வந்தே இராதவள். மூடி போட்ட குழல் அவள் நெஞ்சை விட்டு அகலாமல் கூடவே திரும்பியது. அது அவளுக்கு முன்னால் இல்லை. பின்னால் இல்லை.

"கிறிஸ், எதுனா பேசு. திட்டு. எதுனா திட்டு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தப்பு எதுவும் இல்லை, எட்டு மாதமாக அவன் பார்த்த அதே சிரிப்பு, அவன் மிகவும் நேசித்தது. அவன் முதுகு இரும்பில் பட்டது. அதற்குப் பின்னால் இடமில்லை. திரையில் பின்தொடர்தலின் கோடு ஒரு நெளிவும் இல்லாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு நாளும் அமைந்ததில்லை.

அவள் தூணைச் சுற்றிக்கொண்டு அவனிருந்த மூலையை நோக்கித் திரும்பினாள். நடுக்கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தாள்.

மவுண்ட் நின்றது. பிறகு அரைக்க ஆரம்பித்தது. எடைக்கற்கள் ஒரு பக்கம் இறங்க, குழல் மறுபக்கம் எழுந்து, அவள் முகத்தை உரசும் தூரத்தில் சுற்றிக்கொண்டு, தூணின் கிழக்குக்குப் புரண்டு, அவன் பக்கம் வாயைத் திருப்பியது. அவள் குனியவில்லை. கண்ணைச் சிமிட்டவுமில்லை.